கோடுகளுக்கிடையே குடியிருப்போர்

தெரணியகலைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவொன்றில் உள்ள தோட்டப் பாடசாலையில் நான் புவியியல் கற்பித்த காலத்தில், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்ட கேள்வி இன்றும் என் செவியில் நிற்கின்றது. அன்று மேசைமீது நில அளவைத் திணைக்களத்தின் படத்தாள் ஒன்று விரிக்கப்பட்டிருந்தது. ஒரு சென்ரிமீற்றர் தரையில் நூறு மீற்றரைக் குறிக்கும் பெரிய அளவுப் படம் அது. மாணவர் அனைவரும் தத்தம் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தனர். இறப்பர் ஸ்டோர் அகப்பட்டது, பாடசாலை அகப்பட்டது, பணியக் கணக்கு லயங்களும் சிறு சிறு கட்டங்களாய் அகப்பட்டன. அப்போது அவன் தன் லயத்தின்மேல் விரலை வைத்து, "மாஸ்டர், எங்கள் லயத்துக்குப் பின்னாலே இந்தக் கோடெல்லாம் ஏன் மேலே பார்த்து மடங்கியிருக்கின்றது? அங்கே ஓடை எதுவும் இல்லையே!" என்றான்.

கேள்வி சிறியதுதான். ஆயினும் விடை கூற எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அதனை வாசகர்களுக்குக் கூறவேண்டுமாயின், சப்பிரகமுவ மலைகளைத் தாளில் இறக்கியவர்களின் கதையை முதலில் கூறவேண்டும்.

ஆங்கிலேயர் இத்தீவின் கரையோரங்களைக் கைப்பற்றியது 1796இல். நான்காண்டு கழிந்து, 1800ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், தேசாதிபதி பிரெடரிக் நோர்த் நில அளவைத் திணைக்களத்தைத் தோற்றுவித்தார். அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் ஜோசப் ஜொன்வில் என்னும் பிரெஞ்சுக்காரர். இயற்கை ஆராய்ச்சியில் நாட்டமுடையவர். கரையோரத்து வயல்களையும் தென்னந்தோப்புகளையும் அளப்பது ஒருவாறு எளிது. மலைநாடோ அப்போது கண்டி மன்னரின் ஆட்சியில் இருந்தது. பகைவர் படைகள் நுழைவதற்கு அடர்ந்த காடும் ஒற்றையடிப் பாதையுமே தடை என்று கருதிய அம்மன்னர்கள், பாதைகளை விரிக்காமல் விட்டனர். 1815இல் கண்டி வீழ்ந்த பின்னரே சப்பிரகமுவ மலைகளில் அளவுகோல் ஏறியது.

அளப்பதற்குப் பெருந்தூண்டுதல் தந்தது அறிவுத் தாகம் என்று கூற நான் துணியமாட்டேன். கோப்பிப் பயிரே அதற்குக் காரணம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால் உரிமை காட்டப்படாத காடுகள் அரசினர் வசமாயின. ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு அவை தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. 1844இல் அவ்விலை ஒரு பவுணாக உயர்ந்தது. அளந்து எல்லை குறித்தாலன்றி உறுதி எழுத முடியாதாகையால், நில அளவையாளர் காட்டுக்குள் புகுந்தனர். அவர்கள் கையில் இருந்தது இரும்புச் சங்கிலி. அதன் நீளம் 66 அடி. நூறு கண்ணிகள் கொண்டது. எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். மலைச்சரிவில் சங்கிலியைத் தரையோடு ஒட்டிக் கிடத்தினால் அளவு மிகைப்படும். ஆகவே ஒரு முனையை உயர்த்திப் பிடித்து, மட்டமாக இழுத்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்கிவர வேண்டும். செங்குத்தான சரிவில் ஒரு சங்கிலித் தூரம் செல்லவே நான்கைந்து படிகள் இறங்க நேரிடும். காலில் அட்டை, கண்ணில் மூடுபனி!

இவ்வாறு தோன்றிய தோட்டத்துப் பிளான்கள் அழகானவை. இன்ன மலை இத்தனை ஏக்கர், இது தேயிலை, இது இறப்பர், இது காடு, இது லயம் என்று வண்ணம் தீட்டி எழுதப்பட்டவை. ஆனால் அவற்றுட் பலவற்றில் மலையின் உயரம் என்பதே இராது. ஏக்கர்க் கணக்கு வேண்டியவருக்கு மேடு பள்ளம் வேண்டியதில்லை அன்றோ?

மேடு பள்ளத்தையும் காட்டும் இடவிளக்கப் படம் வரையும் பெரும்பணி 1897இல் தொடங்கி 1924இல் முடிந்தது. ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்குமாறு முழுத்தீவும் 72 தாள்களில் அடக்கப்பட்டது. நம்மவர் பலர் பள்ளியில் வண்ணப் பென்சில் கொண்டு பயின்ற ஓரங்குலப் படம் இதுவே. அதே 1897ஆம் ஆண்டிலேதான் தரிசு நிலச் சட்டமும் பிறந்தது என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். ஒரு நாட்டினர் தம் மலைகளைப் பற்றி அறிய விரும்புவதும், அந்த மலைகள் யாருக்குச் சொந்தம் என்று ஆள்வோர் கேட்பதும் பெரும்பாலும் ஒரே வேளையில் நிகழ்கின்றன.

ஒரு நாட்டை எங்ஙனம் தாளில் பெயர்ப்பது? அதற்கும் முன்னரே, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நீர்கொழும்புப் பக்கத்திலும் மட்டக்களப்பிலும் இரண்டு அடிக்கோடுகளை மிகுந்த கவனத்தோடு அளந்தனர். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்பது மாணவர் அறிந்ததே. அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் ஒரு மலையுச்சியைப் பார்த்தால் ஒரு முக்கோணம். அவ்வுச்சியிலிருந்து வேறோர் உச்சியைப் பார்த்தால் மற்றொன்று. இப்படியே முக்கோணத்தோடு முக்கோணம் பின்னி, சங்கிலி தரையில் படாமலே நாடு முழுவதும் பரவிவிடலாம். கோணம் அளக்கும் கருவியாகிய தியோடலைட்டும், தெளிந்த வானமும், ஏறுவதற்குச் சளைக்காத கால்களும் இருந்தாற் போதும்.

தமிழகத்தின் சமவெளியில் இதே வேலையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனுக்கு மலை கிடைக்கவில்லை. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்தவர் அவர். சோழ நாட்டு வயல்வெளியில் கோயிற் கோபுரங்களையே மலையாகக் கொண்டார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது அரை தொன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றுகையில், கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. பின்னர் அதனை அவரே வாரக்கணக்கில் உட்கார்ந்து செப்பனிட்டாராம். நம் நாட்டில் மலைக்குப் பஞ்சமில்லை, முகில்தான் தொல்லை. தென்மேற்குப் பருவமழையை முதலில் தாங்கும் சப்பிரகமுவ மலைகளில், தொலைவிலுள்ள உச்சியைக் காண்பதற்குரிய மாதங்கள் தை, மாசி, பங்குனி என விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

பெரிய உச்சிகள் நிலைபெற்ற பின்னர்த் தளமேசைக்காரர் வருவார். முக்காலியின்மேல் ஒரு பலகை, பலகைமேல் தாள், தாள்மேல் பார்வைத் துளையுள்ள ஒரு கோல். தெரிந்த மூன்று உச்சிகளை அக்கோலால் நோக்கிக் கோடிழுத்தால், கோடுகள் சந்திக்குமிடம் தாம் நிற்குமிடம். அங்கிருந்தே ஓடையையும் பாதையையும் பாறையையும் நோக்கி நோக்கி வரைந்துகொண்டே போவார். படம் வீட்டில் உட்கார்ந்து வரையப்படுவதன்று; காற்றிலும் ஈரத்திலும் அந்த இடத்திலேயே பிறப்பது. அதனாலேதான் பழைய ஓரங்குலப் படங்களில் ஓடைகளின் நெளிவு கைரேகைபோல் உயிரோடு காணப்படுகின்றது என்பது என் எண்ணம்.

இனிச் சமவுயரக் கோடு. இதனை விளங்கிக்கொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டில்லை. களிமண்ணால் ஒரு சிறு மலை பிடித்து, அதன் ஒரு பக்கத்தில் உச்சியிலிருந்து அடிவரை விரலால் ஒரு பள்ளம் இழுங்கள். அதுவே ஓடை. மலையை ஓர் அகன்ற சட்டியில் வைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு நீர் ஊற்றி, நீர் தொடும் விளிம்பு நெடுக ஈர்க்குச்சியால் மண்ணில் கீறுங்கள். மேலும் ஓர் அங்குலம் ஊற்றி மறுபடியும் கீறுங்கள். உச்சி மூழ்கும்வரை இவ்வாறு செய்து நீரை வடித்துவிட்டு, மேலிருந்து நேர்கீழே நோக்குங்கள். வளையத்துக்குள் வளையமாய்த் தெரியும் அக்கீறல்களே சமவுயரக் கோடுகள். சரிவு செங்குத்தான பக்கத்தில் அவை நெருங்கியும், படிவான பக்கத்தில் விலகியும் இருக்கும். விரலால் இழுத்த பள்ளத்தை அடைந்ததும் ஒவ்வொரு கோடும் உச்சியை நோக்கி மடங்கித் திரும்பும். நீர் பள்ளத்துள் புகுந்து மேலேறிச் செல்வதே அதற்குக் காரணம். கோடு மேல்நோக்கி மடங்குமிடமெல்லாம் பள்ளம்; கீழ்நோக்கிப் புடைக்குமிடமெல்லாம் மேடு. இவ்வொரு விதியை அறிந்தவன் படத்தாளைக் கையிலேந்தி எந்த மலையிலும் நடக்கலாம்.

இரத்தினபுரி நகரம் கடல்மட்டத்துக்கு மேல் நூறு அடியளவில் இருக்கின்றது. அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழப் பதினொரு மைல் தொலைவில் சிவனொளிபாத மலை 7,359 அடி உயர்ந்து நிற்கின்றது. ஓரங்குலப் படத்தில் இது பதினொரு அங்குலம். நூறடிக்கு ஒரு கோடாக எழுபதுக்கு மேற்பட்ட கோடுகள் அந்தப் பதினொரு அங்குலத்துள் நெரிந்து கிடக்கின்றன. உச்சிக்கு அருகில் கறுத்துத் திரண்ட மைபோலத் தோன்றும் அவை, நகரை நெருங்குகையில் அகன்று மறைந்துவிடுகின்றன. அம்மலைப் பக்கத்தில் பிறக்கும் களு கங்கை இரத்தினபுரிக்கு வருமுன்னரே தன் உயரத்தையெல்லாம் இழந்துவிடுகின்றது; அதன்பின் களுத்துறைக் கடல்வரை அதற்கு இறங்குவதற்கு மிஞ்சியிருப்பது சில பத்தடிகளே. மலையில் பாய்ந்து வரும் நீர் சமவெளியில் நகர இடமின்றித் தேங்குகின்றது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரி ஏன் இத்தனை முறை வெள்ளத்தில் அமிழ்கின்றது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஓடைகளின் பெயர்களும் படிக்கத் தக்கவை. கங்கை, ஓயா, எல, தொல என்று நீரின் அளவுக்கேற்ப இறங்குவரிசையில் சிங்களப் பெயர்கள் அமைகின்றன. 'எல' என்றால் ஓடை அல்லது கால்வாய். 'எல்ல' என்றால் நீர்வீழ்ச்சி. ஓர் எழுத்துப் பிசகினால் வாய்க்காலைத் தேடிப் போனவன் அருவியின் தலைமேல் நிற்பான்! குருவிட்டைப் பக்கத்துப் போபத் எல்லவைப் படத்தில் தேடிய என் மாணவி ஒருத்தி இப்படித்தான் திகைத்தாள். ஆனால் தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாய் வழங்கும் தமிழ்ப் பெயர்கள் படத்தில் இல்லை. தோட்டத்துக்குத் துரை வைத்த பெயர் ஒன்று, சுற்றியுள்ள கிராமத்தார் வழங்கும் பெயர் ஒன்று, கொழுந்து பறித்தவரும் பால் வெட்டியவரும் வைத்த பெயர் மற்றொன்று. முனியாண்டி கோயில் பள்ளம், பழைய பிரட்டுக்களம், மேட்டு லயத்துப் பீலிக்கரை எனும் இப்பெயர்களை அளவையாளர் யாரிடம் கேட்டிருப்பார்? கேட்டாலும் எழுதத் தாளில் இடம் ஏது?

இடம் இல்லாமற் போவது பெயருக்கு மாத்திரமன்று. நூறடிக்கு ஒரு கோடு என்றால், அறுபதடிப் பள்ளம் ஒன்று இரு கோடுகளுக்கிடையே சுவடின்றி ஒளிந்துகொள்ளலாம். ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய படத்தில், பன்னிரண்டு காம்பராக்கள் உள்ள லயம் பேனாமுனைப் புள்ளியளவே ஆகும். தோட்டத்து வாழ்வு முழுவதும், அதாவது பீலியும், கானும், காய்கறித் தோட்டமும், பிள்ளை விளையாடும் திட்டும் அந்த இரு கோடுகளுக்கிடையிலேதான் நடைபெறுகின்றது. இது படம் வரைந்தோரின் குற்றமன்று. ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்று முடிவு செய்தபோதே எதனை விடுவது என்பதும் முடிவாகிவிட்டது.

பின்னர்க் கருவிகள் மாறின. 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் துணையோடு இலங்கையை வானிலிருந்து படமெடுத்தனர். 1967இல் தியத்தலாவையில் நில அளவைப் பயிற்சி நிலையம் எழுந்தது. அங்குலமும் மைலும் போய், ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்னும் மீற்றர் அளவில் 92 தாள்கள் வந்தன. சில பகுதிகளுக்குப் பத்தாயிரத்துக்கு ஒன்று என்னும் பெரிய படங்களும் வந்தன. வானிலிருந்து எடுக்கும் படத்துக்கு ஒரு குறை உண்டு. இறப்பர்த் தோப்பின்மேல் பறக்கும் கமரா காண்பது இலைக் கூரையையே. அதன் கீழே மண் எவ்வாறு வளைகின்றது என்பதை அது ஊகிக்கத்தான் முடியும். ஒளிக்கதிரை வீசி, இலையிடுக்குகளின் வழியே தரையைத் தொட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் முறை இப்போது இக்குறையைப் பெரும்பாலும் நீக்கியுள்ளது. நான் இம்முறையில் வரைந்த படம் ஒன்றைக் கணினித் திரையில் கண்டபோது, மரங்களை உரித்தெடுத்த மலை எலும்புக்கூடுபோல் நின்றது. பழைய சரிவுகளின் தழும்புகளும் வற்றிய ஓடைகளின் தடங்களும் ஒன்றும் மறைக்கப்படாமல் தெரிந்தன.

இத்தனை நுணுக்கமான படங்களால் ஆவதென்ன என்று கேட்போர் அண்மை ஆண்டுகளை எண்ணிப் பார்க்கட்டும். 2003ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் ஒருங்கே வந்தன. சரியாகப் பதின்மூன்று ஆண்டுகளின் பின், 2016 மே 17ஆம் நாள் மாலை, கேகாலை மாவட்டத்து அரநாயக்கப் பகுதியில் சாமசர மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து இறங்கிற்று. மூன்று நாட்களில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்திருந்தது. சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே என்னும் ஊர்கள் புதையுண்டன. மாண்டோரும் காணாமற் போனோருமாக நூற்றுக்கு மேற்பட்டோர். அதே நாளில் அம்மாவட்டத்திலேயே புளத்கொஹுபிட்டியப் பக்கத்துக் களுபஹன தோட்டத்தில் ஒரு லயம் மண்ணுள் மறைந்தது. பெரிய துயரத்தின் நிழலில் இச்சிறிய துயரம் பலர் நினைவில் நிலைக்கவில்லை. நம் தோட்டப் பிள்ளைகள் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோது மலைநாடெங்கும் மறுபடியும் இதே அழிவு நேர்ந்தது.

1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990ஆம் ஆண்டிலிருந்து மண்சரிவு அபாயப் படங்களை வரைந்து வருகின்றது. பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தொடங்கிய இப்பணி பின்னர்க் கேகாலைக்கும் இரத்தினபுரிக்கும் பரவிற்று. சரிவின் கூர்மை, அடியிலுள்ள பாறையின் அமைப்பு, அதன்மேல் படிந்த மண்ணின் தடிப்பு, நீர் வடியும் வழிகள், நிலத்தின் பயன், பண்டைய சரிவுகளின் தடம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பொருத்தி, எந்த இடம் எத்தகைய ஆபத்துக்குரியது என்று அவை நிறம் பிரித்துக் காட்டுகின்றன. இவற்றுக்கெல்லாம் அடித்தளம் சமவுயரக் கோடே. எனினும் படம் மாத்திரம் காப்பாற்றிவிடாது. அயல் மாகாணமாகிய ஊவாவில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் ஆபத்தான இடத்தில் உள்ளன என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் அவை புதையுண்டன.

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன்.

ஓடை இல்லாத இடத்தில் கோடு ஏன் மடங்கியிருக்கின்றது? அளவையில் பிழை இருக்கலாம் என்றே முதலில் எண்ணினேன். மறுநாள் மாலை படத்தாளைச் சுருட்டிக்கொண்டு அவனோடு லயத்துக்குப் போனேன். அவனுடைய அம்மாயி எழுபதைக் கடந்தவர். அத்தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே பெயர் பதிந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். பேரன் படத்தைத் திண்ணையில் விரித்து இடத்தைக் காட்ட, படத்தைப் பாராமலே அவர் சொன்னார்: "அது பழைய பீலிக்கரை மாஸ்டர். நாங்க சின்னப்புள்ளையா இருக்கையில அங்கதான் குளிப்போம். பெறகு மேலே தொட்டி கட்டித் தண்ணிய ஸ்டோருக்குத் திருப்பிட்டாங்க. பள்ளத்துல மண்ணப் போட்டு நெரவி இந்த லயத்தக் கட்டினாங்க. பெருமழை பேஞ்சா இன்னமும் எங்க காம்பராவுல தரை ஊறும்."

பிழை அளவையில் இல்லை. ஓடையை மனிதர் மறைத்துவிட்டனர்; லயத்துக்குப் பின்னே ஏறிச் செல்லும் பள்ளத்தின் வடிவத்தை மறைக்க முடியவில்லை. பள்ளத்தில் நிரப்பிய மண் இயல்பான மண்ணைப்போல் இறுகியிராது. பெருமழையில் மேற்சரிவின் நீரெல்லாம் பழைய வழியையே தேடி அங்கே ஊறிச் சேரும். மண்துகள்களின் இடைவெளிகளில் நீர் நிறைந்து அழுத்த, துகளை துகளோடு பற்றி நிற்கச் செய்யும் பிடிப்புத் தளரும். ஒரு கட்டத்தில் நிலம் திடப்பொருளாய் இருப்பதை விட்டுக் குழம்பாகி நடக்கத் தொடங்கும்.

மறைந்த ஓடையைத் தேடுவது இம்மாகாணத்தாருக்குப் புதிதன்று. இரத்தினபுரியில் மாணிக்கம் அகழ்வோர் வயலின் அடியில் புதைந்து கிடக்கும் பழைய ஆற்றுப் பரலைத்தான் நாடிக் குழி தோண்டுகின்றனர். அப்பரற்படையை 'இல்லம்' என்பர். ஆறு இடம் மாறும், ஆனால் தடத்தை விட்டுச் செல்லும் என்பது அவர்கள் தொழிலின் அரிச்சுவடி. அவர்கள் அத்தடத்தைச் செல்வத்துக்காகத் தேடுகின்றனர்.

அன்று நாங்கள் லயத்தைச் சுற்றி வந்தோம். பின்சுவரில் தரையிலிருந்து கூரைவரை சாய்வாக ஒரு வெடிப்பு. மேலேயுள்ள இறப்பர் மரங்களுள் மூன்று தம் இயல்பான நிலையினின்று சரிவை நோக்கிச் சாய்ந்திருந்தன. இவை கவனிக்க வேண்டிய குறிகள். புதிதாக நிலம் பிளத்தல், கதவு சட்டத்தில் இறுகிக்கொள்ளுதல், இல்லாத இடத்தில் ஊற்றுத் தோன்றுதல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியவற்றையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மழையளவும் பேசும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தாலோ, உடனே வெளியேறிவிட வேண்டும்.

மாணவர் வரைந்த படத்தோடு ஒரு கடிதமும் எழுதி உரியவர்களுக்கு அனுப்பினோம். அதிகாரிகள் வந்து பார்த்தனர். கருவி வைத்து அளந்தனர். இவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என்றும் ஒப்புக்கொண்டனர். பிறகு 'வேறிடம்' என்னும் சொல் கோப்புக்குக் கோப்பு நடந்துகொண்டிருந்தது. லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறை வாழ்ந்தாலும் அந்நிலத்துக்கு அவர்களிடம் உறுதி இல்லை. ஆகவே எந்த நிலத்துக்குப் பதிலாக எந்த நிலத்தைக் கொடுப்பது என்ற கேள்வியே பிறந்துவிடுகின்றது. ஏக்கர் ஐந்து சிலிங்காயிருந்த நாளிலிருந்து, 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் வந்து, 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் நிருவாகத்துக்குப் போனது வரை, இம்மலைகள் எத்தனையோ முறை அளக்கப்பட்டுக் கைமாறியுள்ளன. அவ்வளவைகளுள் ஒன்றிலும் அம்மாயியின் காம்பரா தனியாக ஒரு பேர்ச்சாகவேனும் கணக்கிடப்படவில்லை. பன்னிரண்டு குடும்பங்களுள் இரண்டு உறவினரை நாடி வெளியேறின. மற்றப் பத்தும் மழை வலுக்கும்போது பாடசாலை மண்டபத்துக்கு வருவதும், வெயில் கண்டதும் திரும்புவதுமாக இருந்தன.

பையன் நேரான பக்கங்களையுடைய ஒரு போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கி, பக்கத்தில் மில்லிமீற்றர் கீறி, வாசலில் ஒரு கம்பத்தில் கட்டிவைத்தான். அடுத்த வைகாசி மழையில், இரவு ஒன்பது மணிக்கு அது 80ஐக் காட்டிற்று. அவனே காம்பராவுக்குக் காம்பரா போய்க் கதவைத் தட்டினான். சிலர் முணுமுணுத்தனர், ஒருவர் திட்டவும் செய்தார். ஆயினும் எல்லோரும் கிளம்பினர். அம்மாயி பிறப்புச் சான்றிதழ்கள் வைத்த தகரப் பெட்டியைத் தவிர வேறொன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிரவு லயத்துக்கு ஒன்றும் நேரவில்லை. விடிந்தபின் போய்ப் பார்த்தோம். சுவர் வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தது. பின்புறத்தில், பீலிக்கரை இருந்த அதே இடத்தில், செந்நிறக் கலங்கல் நீர் ஒரு சாண் அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. பையன் சட்டைப்பையிலிருந்த நீலப் பென்சிலை எடுத்து, படத்தாளில் கோடுகள் மடங்கியிருந்த இடம் நெடுக, விட்டு விட்டு ஒரு கோடு இழுத்தான். மழைக்காலத்தில் மாத்திரம் ஓடும் நீருக்குப் படத்தில் அதுவே குறி.